கீதாஞ்சலியின் ராஜினாமாவை வாங்கப் போன படலம்

அரசு ஆஸ்பத்திரி,
ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில்,
ஜவ்வாது மலை.
வியாழக்கிழமை, காலைக் கஞ்சிக்குப் பிறகு.

கண்ணமங்கலம் கடைத்தெருவின் சிமெண்ட் மூட்டைகளுக்கெல்லாம் தனிப்பெரும் அதிபதியான மாப்பிள்ளை பஞ்சாட்சரம் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் மனைவியின் ஒரே அண்ணனும் தங்கள் ஒரே பெண்ணுக்குத் தாய்மாமனுமாகிய சக்கரவர்த்தி, படுத்த கிடையில் வணங்கி எழுதுவது. இவ்விடம் நலம். அந்த நலத்திலிருந்து வலது காலை மட்டும் கழித்துக்கொள்ளவும். உங்கள் பெண் கீதாஞ்சலி போனில் "சின்ன அடி" என்று சொல்லியிருப்பாள், நம்பாதீர்கள். என்னுடைய போன் நானூறு அடிப் பள்ளத்தில் தவம் செய்துகொண்டிருப்பதால், இக்கடிதம் கீழே வரும் பஸ் கண்டக்டர் கையில் வருகிறது.

திங்கட்கிழமை என்னைக் கடையின் உள்ளறைக்கு அழைத்து நீங்கள் இட்ட ஆணையை மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆரணியிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள், ஆம்புலன்ஸ் வேலையை விட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களின் ரத்தத்தையும் வாந்தியையும் துடைக்கிற வேலை எதற்கு என்று நீங்களும் தீர்மானித்துவிட்டீர்கள். அப்பா சொன்னால் எதிர்த்துப் பேசுவாள், மாமன் சொன்னால் கேட்பாள் என்று, அவள் கையெழுத்தோடு ஒரு தாள் கொண்டுவர என்னை அனுப்பினீர்கள். மாப்பிள்ளை, கையெழுத்து வாங்கிவிட்டேன்! தாள் இத்துடன் இருக்கிறது. கடிதத்தை முடித்துவிட்டு அதைப் பிரியுங்கள்.

ராஜினாமாவை நானே இயற்றினேன். அந்த நடையைப் படித்தால் எந்த அதிகாரியும் அழுதுகொண்டே விடுதலை கொடுத்துவிடுவார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மொபெட்டில் மலையேறினேன். ஏழாவது வளைவு தாண்டினால், மலைக்காரர்கள் சாமைக் கதிரை ரோடு முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார்கள். போகிற வண்டியெல்லாம் மிதித்தால் தானியம் உதிருமாம், ஆள்கூலி மிச்சமாம். நானும் மிதித்தேன். மொபெட் கிழக்கே போயிற்று, நான் மேற்கே போனேன். நான் ஆகாயத்தில் இருந்த நேரத்தில் ஒரு கல்யாணப் பந்தியே எழுந்திருக்கும். இறங்கிப் பார்த்தால் வலது கால் எனக்குச் சம்பந்தமில்லாத திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வீக்கம் காவலூர் தொலைநோக்கியில் பட்டிருந்தால் புதுக் கிரகம் என்று பேர் வைத்திருப்பார்கள். ஒருவர் விளக்கெண்ணெயோடு ஓடி வந்து, "ஒரே இஸ்ப்புதான், சுளுக்கு எடுத்தா சரியா பூடும்" என்று காலைப் பிடித்தார். இன்னொருவர் சோடாவை உடைத்தார். யாரோ ஒரு புண்ணியவான் மட்டும் போன் போட்டார்.

ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கினவள் உங்கள் பெண். "கால வுடுங்க! யாரும் தொடாதீங்க! சோடாவும் வேணாம்!" என்ற ஒரே குரலில் எண்ணெய்க்காரர் நாலடி பின்னால் போனார். மாமனைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று நானும் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். கையுறையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேரு இன்னா?"

"அடியே, உனக்குக் காது குத்த மடியில வச்சிக்கினவன் பேரு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பாக்குறேன். பேரு?"

"சக்கரவர்த்தி."

"வயசு?"

"நாப்பத்தெட்டு."

அவள் ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். "பிரகாஷ் அண்ணா, தலையிலயும் அடி போல கீது."

"அம்பத்தாறு! அம்பத்தாறு!" என்று மலை அதிர அலறினேன்.

பிறகு கால்விரலை அசைக்கச் சொன்னாள், நாடி பார்த்தாள், இரண்டு பக்கமும் கட்டை வைத்துக் கட்டினாள். வலிக்கிறது என்றால் "வலிக்கும் மாமா" என்றாள். இது ஒரு பதிலா? கேளுங்கள்!

என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதற்குள் அங்கே ஒரு பஸ் ஸ்டாண்டே கூடிவிட்டது. மலையில் ஒரு நாளைக்கு இரண்டு பஸ். ஆகையால் கதவு திறந்த எந்த வண்டியும் அவர்களுக்குப் பஸ்தான். "கூட ஒருத்தர்தான் வரலாம், சொந்தக்காரங்க யாரு?" என்று கேட்டாள். ஒன்பது பேர் எனக்குத் தம்பி ஆனார்கள். முப்பது வயதுப் பையன் ஒருவன் எனக்கு மாமனார் என்றான். "அவருக்குச் சொந்தக்காரி நான்தான்" என்று கதவைச் சாத்தினாள். அந்த ஒரு வார்த்தைக்குக் கண் கலங்கியதென்னவோ உண்மை.

இரண்டு மைல் போயிருப்போம். நடுரோட்டில் கன்னியம்மாள் என்கிற அம்மாள் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள், இடுப்பில் ஒரு கோழி. அவள் மருமகள் காவியா வரப்போரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நிறைமாதம். கீதா தலைமையிடத்துக்குப் போன் போட்டு, நாங்கள் நிற்கிற இடத்தையும் இரண்டு பேர் நிலைமையையும் சொன்னாள். வேறு வண்டி வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். ஏற்றிக்கொள்ள உத்தரவு கேட்டு வாங்கினாள். அடுத்த நிமிடம் சக்கரவர்த்தியின் சிம்மாசனம் பறிபோயிற்று! ஸ்ட்ரெச்சரிலிருந்து என்னைப் பக்கத்துப் பெஞ்சுக்குத் தள்ளிவிட்டாள், மாப்பிள்ளை. பெற்ற மகள் போல் வளர்த்தவனை!

"யம்மா, கோழிய எறக்கி வுடுங்க. ஒரு ஆள்தான் வரலாம்."

"கோழி ஆளா கண்ணு?"

"இல்ல."

"அப்ப ஏத்திக்கோ."

சட்டம் படித்தவர்கள் பதில் சொல்லட்டும். கோழி என் மடிக்கு வந்தது.

ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது என்று வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். என்னை ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னாள். நான் கண்டது ஒரு பலாமரம் மட்டும். கேட்டது கீதாவின் குரல் மட்டும். நம் வீட்டில் டீக்குச் சர்க்கரை போதவில்லை என்று கத்துமே, அந்தக் குரல் இல்லை. "காவியா, என்னையே பாரு. இப்ப முக்காத. மூச்ச வுடு. அவ்ளோதான், அவ்ளோதான்." திடீரென்று, "மாமா, மணி பாத்து எழுதுங்க!" படிவ அட்டை அந்தப் பக்கம் தொங்குகிறது. என் பையில் இருந்தது ஒரே தாள். அதைத் திருப்பி, கோழி முதுகில் வைத்து எழுதினேன்: இரண்டு பதினேழு. பெண்.

குழந்தை அழவில்லை.

அதையும் எழுதினேன், மாப்பிள்ளை. எழுதும்போது என் எழுத்து எனக்கே தெரியவில்லை. பின்னால் துணியால் துடைக்கிற சத்தம். கன்னியம்மாள் சாமி பேரைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். கீதா ஏதோ சின்னப் பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டு, மெதுவாக எண்ணிக்கொண்டே இருந்தாள். கோழிகூட மூச்சு விடவில்லை. அப்புறம் ஒரு முனகல். அப்புறம் ஜவ்வாது மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு அழுகை. நான் அழுதது அதில் சேராது.

ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வாசலிலேயே நர்ஸ் நின்றார். கீதா ஒன்று விடாமல் ஒப்பித்தாள். நர்ஸ் என் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டு, "குறிப்புக்குக் கீழ கையெழுத்து போடும்மா" என்றார். போட்டாள். அதோடு நின்றிருக்கலாம். அந்த அம்மாள் தாளைத் திருப்பிவிட்டார். "இன்னா கீதா, வேலைய வுட்றியா?"

உங்கள் பெண் நின்றபடியே முழுசாகப் படித்தாள். நான் விட்டத்தில் பல்லியைத் தேடினேன்.

"அப்பா அனுப்புனாரா?"

"ஆமா கண்ணு."

"'தாழ்மையுடன்' நாலு எடத்துல வருது மாமா" என்றாள். தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.

ஆகவே மாப்பிள்ளை, தூதன் என்ற முறையில் என் தீர்ப்பு: தாய்மாமனிடமே பேர் கேட்கிற, வயதைச் சபையில் உடைக்கிற, ஸ்ட்ரெச்சரிலிருந்து தள்ளிவிடுகிற இந்த வேலை நம் குலப் பெருமைக்கு ஆகாது. உடனே நிறுத்தவும். தங்கச்சி அம்சவல்லிக்கு நீண்ட ஆயுளும் அவள் வைக்கிற கறிக்குழம்புக்கு இன்னும் கொஞ்சம் காரமும் உண்டாக ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒற்றைக்கால் சக்கரவர்த்தி

பி.கு.: ஸ்ட்ரெச்சரிலிருந்து என்னை யாரும் தள்ளவில்லை. காவியாவைப் பார்த்ததும் நானே இறங்கிவிட்டேன். "கட்டுப் போட்ட கால ஊனாதீங்க" என்று கீதா திட்டினாள், அவ்வளவுதான். தீர்ப்பையும் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தாளைப் பிரியுங்கள். முன்பக்கம் என் இலக்கியம், அதில் கையெழுத்து இல்லை. பின்பக்கம் 'அழவில்லை' என்று ஒரு வரி, 'அழுதது' என்று ஒரு வரி, அதற்குக் கீழே அவள் கையெழுத்து. நடுவில் இரண்டு விரற்கடை வெறுமனே கிடக்கும். அந்த நேரத்தில் அவள் செய்ததை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்காரர்களுக்குக் காபி கொடுத்த கையோடு அந்த இடத்தைக் காட்டி, இந்த வேலையைத்தான் விடச் சொல்கிறீர்களா என்று நீங்களே கேளுங்கள். கேட்க வாய் வரவில்லையென்றால் சொல்லியனுப்புங்கள். கட்டோடு நான் வந்து கேட்கிறேன், சாட்சிக்குக் கோழியோடு.