எப்பிங் காட்டில் ஒரு பிள்ளையார்

கலியாணம் பேசுகிற காலத்தில் பொய் சொல்லாத தாய் உலகத்தில் இல்லை. மற்றத் தாய்மார் மகனுடைய சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டி, குடியைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி மரியாதையாக நிறுத்திக்கொள்வார்கள். என் அம்மா தரகர் அன்ரியிடம், "தம்பிக்குக் காடெண்டால் உயிர். லீவு நாளெண்டால் காட்டுக்குள்ளதான் நடை" என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? நான் இங்கிலிஷ்காரன் நாட்டில் மிச்சம் என்ற ஊரில் இருந்துகொண்டு கடைகளில் பிரிட்ஜ் திருத்துகிறவன். (கடைசியாக நடந்தது ட்ராம் பழுதான அன்று. அதுவும் வழி முழுக்க ஏசி ஏசி.) ஆனால் பெண் வீட்டில் இருந்து வந்த செய்தி அப்படி. பெண்ணுக்குப் பெயர் சுகந்தி. பார்க்கிங் என்ற ஊரில் தகப்பனோடு இருக்கிறாள், மருந்துக்கடையில் வேலை. பலகாரத் தட்டோடு வந்து நிற்க மாட்டாளாம். மாப்பிள்ளையோடு தனியாக ஒரு நடை போய்க் கதைத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வாளாம். அதைக் கேட்டதும் அம்மா என்னை ஒரே மூச்சில் வனவாசி ஆக்கிவிட்டார்.

அது 2009ஆம் ஆண்டு, ஊரில் போர் முடிந்த வருசம். அந்த வருசம் எங்கள் சனத்தின் வீடுகளில் யாரும் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஒரு நல்ல காரியமாவது நடக்காதா என்று அம்மா கோயில் கோயிலாகத் திரிந்தார். எனக்கோ போட்டோவைப் பார்த்த அன்றே சுகந்தியைப் பிடித்துப்போய்விட்டது. இவள் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்றிருந்தது. ஆகவே நான் அம்மாவின் பொய்யைத் திருத்தவில்லை. அதன்மேல் இன்னும் இரண்டைப் போட்டேன்.

எப்பிங் காட்டுக் கார் பார்க்கில் சனிக்கிழமை காலை சந்தித்தோம். நல்ல புகார், மூடுபனி. முன்னால் நிற்கிற கார் தெரியவில்லை. அவள் சேறு படிந்த பூட்ஸோடு வந்திருந்தாள். நான் நேர்முகத் தேர்வுக்கு வாங்கிய கறுப்புத் தோல் சப்பாத்து, வெளிர் நிறக் காற்சட்டை. சட்டைப் பையில் நான் வெளிக்கிடும்போது அம்மா திணித்துவிட்ட கோயில் குங்குமப் பொட்டலம்.

"வழி பாக்க மாப் ஒண்டும் கொண்டு வரேல்லையோ?" என்று கேட்டாள்.

"மாப்போ? இந்தக் காடு எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றேன்.

உள்ளே போனதும்தான் விசயம் விளங்கியது. அங்கே முழுக்க முழுக்க பீச் என்கிற ஒரே சாதிக் காட்டு மரங்கள். பூவரசு, வேம்பு என்றாலாவது ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியும். இந்த மரங்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே வழுவழுப்பு, யானைக்கால் மாதிரி. கீழே செம்பு நிறத்தில் சருகு கிடந்து பாதையை மூடியிருந்தது. மேலே பார்த்தால் புகார். நான் மட்டும் ஊரை ஆளுகிற விதானையார் போல முன்னால் நடந்தேன்.

கொஞ்சத் தூரத்தில் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. திரும்பி வர வழி வேண்டுமே! அப்போதுதான் குங்குமம் ஞாபகம் வந்தது. சுகந்தி அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து, விரலால் தொட்டு ஒரு மரத்தில் பொட்டு வைத்தேன். பிறகு இன்னொன்றில். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். (இதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்திருந்தால் பரிசு கொடுத்திருப்பான்.)

"நீங்கள் மரங்களைத் தொட்டுத் தொட்டுத்தான் நடப்பீங்களோ?" என்று அவள் கேட்டாள். ஓம், அது என் பழக்கம், மரத்துக்கும் உயிர் இருக்குத்தானே என்றேன். அவள் முகம் கனிந்தது. பாவி நான், அந்த முகத்தைப் பார்த்ததும் இன்னும் நாலு மரத்தைத் தொட்டேன்.

அவளோடு கதைக்கக் கதைக்க எனக்குக் காடும் மறந்தது, சப்பாத்துக்குள் ஏறிய தண்ணீரும் மறந்தது. திரும்புவோம் என்று அவள் சொன்னபோதுதான் என் கண்டுபிடிப்பில் ஒரு ஓட்டை தெரிந்தது. பொட்டு இருந்தால் நான் அந்த மரத்தடியால் வந்திருக்கிறேன் என்று தெரியும். அங்கிருந்து எந்தப் பக்கம் போவது என்று பொட்டு சொல்லாது. ஒரு பொட்டு மரத்தில் இருந்து புறப்பட்டு, சுற்றோ சுற்றென்று சுற்றி, அதே மரத்துக்கு வந்து சேர்ந்தோம். போனில் சிக்னலும் இல்லை. சுகந்தி என்னையே பார்த்தாள். சரி, கதை முடிந்தது, அம்மாவுக்கு எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன் என்று நினைத்தேன்.

அந்த நேரம் கற்பூர வாசம் வந்தது.

வாசம் வந்த பக்கம் போனோம். புகாருக்குள் ஒரு பருத்த பீச் மரம். அதன் நடுவில் தும்பிக்கை போல ஒரு முண்டு புடைத்து இறங்கியிருந்தது. அதற்கு மேலே, சரியாக நெற்றியில், நான் வைத்த பொட்டு. கீழே கல்லின்மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு, ஈரச் சருகில் வெறுங்காலோடு நின்று ஒரு பெரியவர் தோப்புக்கரணம் போட்டார்.

"அப்பா!" என்றாள் சுகந்தி.

பெட்டையைத் தனியே காட்டுக்குள் விட மனம் வராமல் மனிதர் ஒளித்து ஒளித்துப் பின்னால் வந்திருக்கிறார். புகாரில் எங்களைத் தவறவிட்டு, தானும் வழி தவறி, அழுகிற நிலைக்கு வந்தபோது இந்தப் பொட்டைக் கண்டிருக்கிறார். கற்பூரம் காலையில் கோயிலுக்குப் போன மிச்சம். (லைட்டர்? அது அவர் எப்பவோ விட்டுவிட்டதாக மகள் நம்பிக்கொண்டிருந்த சிகரெட்டின் மிச்சம்.)

அவர் கண் கலங்கி நின்றார். "சுயம்புப் பிள்ளையார், பிள்ளை. நீங்கள் பத்திரமா வந்து சேர வேணும், இந்தச் சம்பந்தமும் சரிவர வேணும், வருசா வருசம் தேங்காய் உடைக்கிறன் எண்டு இப்பதான் நேர்த்தி வைச்சனான். வாய் மூடேல்லை, வந்து நிக்கிறியள்."

நான் குங்கும விரலை மறைக்கக் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டேன். வெளிர் நிறக் காற்சட்டை உடனே சிவந்தது. சுகந்தி மரத்தைப் பார்த்தாள். காற்சட்டையைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"இதுக்கு முதல் காட்டுக்கு வந்திருக்கிறீங்களோ?"

"ரீவியில பாத்திருக்கிறன்."

அவள் வெடித்துச் சிரித்தாள். மரத்தில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த வருசத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். எனக்கும் அடக்க முடியவில்லை. பின்னாளில் என் மாமாவான பெரியவர் மட்டும் பிள்ளையாருக்கு முன்னால் என்ன இளிப்பு என்று கோபித்தார். அப்போது நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரர், இங்கே நெருப்பு வைக்கக்கூடாது என்று பணிவாகச் சொல்லிவிட்டு, கார் பார்க் அந்தா, அந்தப் பற்றைப் புதருக்குப் பின்னால் என்று கையைக் காட்டினார்.

காரில் போகும்போது சுகந்தியே தகப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்து, தனக்கு இந்த ஆளைப் பிடித்திருக்கிறது என்றும் சொன்னாள். நான் பின் சீட்டில் காற்சட்டைக் கறையைக் கையால் மறைத்துக்கொண்டு இருந்தேன். மாமா கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார், "பொட்டு வைச்சது ஆரெண்டாலும் இருக்கட்டும். நேர்த்தி நேர்த்திதான்."

ஆகவே இன்றுவரை ஒவ்வொரு இலையுதிர் காலமும் குடும்பத்தோடு எப்பிங் போகிறோம். மாமா தேங்காய் உடைத்து, சிரட்டையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவார். ஒரே ஒரு சிக்கல். பொட்டு அந்த மாரி மழையிலேயே கழுவுப்பட்டுப் போய்விட்டது. அந்தக் காட்டில் தும்பிக்கை உள்ள மரங்கள் ஏராளம்.

"மருமோன், எந்த மரம்?" என்று மாமா கேட்பார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் ஒன்றைக் காட்டுவேன்.

போன முறை என் மகள் தேங்காய்ப் பையோடு நின்று, போன வருசம் இது இல்லையே அப்பா, வேறு மரமல்லோ என்று இங்கிலிஷில் சத்தமாகக் கேட்டாள்.

சுகந்தி அவள் வாயைப் பொத்தினாள். "சும்மா இரு பிள்ளை. அப்பாவுக்கு இந்தக் காடு தண்ணி பட்ட பாடு."