பூசணிப்பிஞ்சை விரலால் சுட்டிய மச்சானுக்கு

லா சப்பல், பாரிஸ் 18
13.10.2024

மதிப்புக்குரிய திரு. சற்குணநாதன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கோசலையின் கணவன் தவரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோசலையும் மகள் கஜனியும் கடவுள் புண்ணியத்தில் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் குடும்பமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்ன, தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் தங்கையோடு தொலைபேசியில் கதைக்கத் தொடங்கியதும் நான் எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன். எங்கள் குசினிக்குக் கதவு இல்லை என்பது நீங்கள் அறிந்ததுதான். ஆகவே உங்கள் முழங்கால் வலி, மருமகனின் புது வேலை, பேஸ்மென்றுக்குள் தண்ணீர் வந்தது எல்லாம் எனக்கு வாராவாரம் தெரியும். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் பூசுவதாகச் சொன்னீர்கள். அது சரிவராது, நல்லெண்ணெய் பூசவும்.

பதினொரு வருடம் முகம் பார்க்காதவன் இன்று கடிதம் எழுதுகிறானே, சமாதானத்துக்கு வருகிறான் என்று நினைக்க வேண்டாம். இது முழுக்க முழுக்க அலுவலகக் காரியம். பாரிசுக்கு வெளியே திரான்சியில் எங்கள் பெயரில் இருக்கும் முப்பத்தேழாம் இலக்கத் தோட்டத் துண்டு சம்பந்தமாக ஒரு படிவம் இத்துடன் இணைத்திருக்கிறேன். கீழே வலது பக்கத்தில் கையெழுத்து வைத்து அனுப்பினால், உங்கள் பாதியை நீங்கள் விட்டுவிட்டதாகத் தோட்டச் சங்கம் எடுத்துக்கொள்ளும். வேறு எதுவும் எழுதத் தேவையில்லை. சுகம் விசாரிக்கவும் தேவையில்லை.

ஏன் இத்தனை வருடம் கழித்து இப்போது என்று கேட்பீர்கள். எல்லாம் அந்தக் கோட்டால் வந்த வினை. 2009 மாசியில் சங்கத்தில் ஒரேயொரு துண்டுதான் மிச்சம் இருந்தது. வரிசையில் முன்னால் நின்றது நாங்கள் இருவரும். மச்சானுக்குக் கொடுங்கள் என்று நானும், இல்லை மச்சானுக்கே கொடுங்கள் என்று நீங்களும் அரைகுறைப் பிரெஞ்சில் அரை மணித்தியாலம் வாதாடியதில், செயலாளர் களைத்துப்போய் இரண்டு பெயரையும் எழுதி நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டார். அன்றிலிருந்து சங்கத்துக்கு நாங்கள் ஒரே ஆள். எங்கள் பெயர்கள் இரண்டு வரிக்குப் போவது அவர்களுக்குப் புதினமில்லை. திங்கட்கிழமை நான் போனாலும் செவ்வாய்க்கிழமை நீங்கள் போனாலும் ஒரே போன்ஜூர் வணக்கம்தான். பக்கத்துத் துண்டில் லீக்ஸ் போடும் மார்கிரட் மதாம்கூட ஒருநாள் என்னைப் பிடித்து, நேற்று இல்லாத மீசை இன்று எப்படி வந்தது என்று கேட்டார். மீசை வைத்தது நான், மழித்தது நீங்கள் என்று விளங்கப்படுத்த எங்களுக்கு இரண்டு வருடம் சென்றது.

இந்த வருடம் சங்கத்துக்குப் புதிதாக ஒரு இளம் தலைவர் வந்திருக்கிறார். பழைய பதிவுகளை எல்லாம் கணினியில் ஏற்றும்போது இந்த ஒரு ஆளுக்கு இரண்டு கையெழுத்து இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். வருகிற பங்குனி (மார்ச்) 31க்கு முன் இருவரும் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது ஒருவர் விலகிக்கொண்டதாகப் படிவம் அனுப்ப வேண்டும், இரண்டும் இல்லையென்றால் துண்டு வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதம் வந்திருக்கிறது. வரிசை நீளம். ஒரு மாதமாக எனக்கு நித்திரை இல்லை.

அந்தத் துண்டு போய்விட்டால் என்ன, லா சப்பலில் கடைக்கு ஒரு கத்தரிக்காய்க் குவியல் கிடக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். சொல்லமாட்டீர். முதல் வருடம் நாங்கள் மண்வெட்டியைக் கோசலையின் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறியது உமக்கு ஞாபகம் இருக்கும். பயணச்சீட்டுப் பரிசோதகர் சேலையை அவிழ்க்கச் சொன்னதும், உள்ளே மண்வெட்டியைக் கண்டுவிட்டு மறுபடி சுற்றச் சொன்னதும், கோசலை சுற்றித் தந்ததுபோலச் சுற்றத் தெரியாமல் நாங்கள் நின்றதும் ஞாபகம் இருக்கும். நீர் வேலை செய்த உணவகம் பூட்டிய நாளெல்லாம் தோட்டத்தில்தான் கிடந்தோம். பிட்டுப் பார்சலும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும். தக்காளியைக் கொடியோடு பிடித்து உப்புத் தொட்டுக் கடிக்கும்போது சட்டையெல்லாம் வழியும். முதல் வருடம் காய்த்தது மொத்தம் ஏழு கத்தரிக்காய். ஏழில் ஆறை ஆறு வீட்டுக்குப் பங்கிட்டோம், எங்களுக்கு மிஞ்சியது ஒன்று, அதையும் பாதியாக வெட்டினோம். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு லா சப்பல் தெருவில் நேராக வீட்டுக்குப் போகாமல் இரண்டு தரம் சுற்றி வந்தவர் நீர். யாராவது, “அண்ணை, எங்கத்தைக் கத்தரிக்காய்?” என்று கேட்கும்வரை நீர் வீட்டுக்கு வரவில்லை.

அந்த 2009 வைகாசி மாதத்தைப் பற்றி எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். வீட்டில் தொலைக்காட்சியைப் பார்க்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. ஊரில் சண்டைக்குள் அகப்பட்ட எவருக்குத் தொலைபேசி எடுத்தாலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் ரயில் ஏறித் தோட்டத்துக்கு வந்தோம். படலையைத் திறக்கும்போது நீர் சொன்னீர், “இந்த வேலிக்கு உள்ளுக்கு ஊர்க்கதை இல்லை மச்சான். கொத்தும்.” கொத்தினோம். தேவைக்கு இரண்டு மடங்கு ஆழமாகக் கொத்தினோம். மார்கிரட் மதாம் வேலியால் எட்டிப் பார்த்து, கிணறு வெட்ட அனுமதி எடுத்தீர்களா என்று கேட்டார். அந்தப் பக்கத்து மண் இன்றைக்கும் மற்றப் பக்கத்தைவிட இளக்கம். அங்கே எதைப் போட்டாலும் வரும். அதை விட்டுப் போக எனக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

சரி, அலுவலகக் காரியத்துக்கு வருகிறேன். வருவதற்கு முன் ஒன்று. மார்கிரட் மதாம் ஒருமுறை நாங்கள் காய்ச்சலில் கிடந்த கிழமை, பாவம் பெடியள் என்று எங்கள் துண்டில் களை பிடுங்கிச் சுத்தம் செய்துவைத்தாரே, கோசலை வளர்த்த குப்பைக்கீரை முழுவதும் அந்தச் சுத்தத்தில் போனதே. கோசலை அழாத குறை. பதிலுக்கு அவர் வைத்துவிட்டுப்போன லீக்ஸைக் கோசலை கோபத்தில் பால்கறியாகக் காய்ச்ச, அது ருசியாக வந்து, கோபமும் ஆறிப்போனது. இப்போது மதாமே குப்பைக்கீரை வளர்க்கிறார். அவருடைய துண்டில் அதைக் களை என்று நினைத்துப் பிடுங்கவந்த பேரனுக்கு ஏச்சு விழுந்தது.

இனிப் பூசணிக்காய். அதை எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது. 2013 ஆடியில் எங்கள் கொடியில் ஒரு பிஞ்சு விட்டது. புரட்டாதியில் சங்கத்து விழா, பெரிய பூசணிக்காய்க்குக் கிண்ணம். கண்ணூறு படக்கூடாது என்று பூவோடு சேர்த்துக் கோசலையின் சேலையால் கொடியை மூடி வைத்திருந்தேன். நீர் என்ன செய்தீர்? உம்மோடு உணவகத்தில் கோப்பை கழுவிய மாலி நாட்டு நண்பரைக் கூட்டி வந்து, சேலையை விலக்கி, சுட்டுவிரலை முழு நீளத்துக்கு நீட்டிப் பிஞ்சைக் காட்டினீர். விரல் நீட்டிக் காட்டினால் பிஞ்சு அழுகும், மடக்கிய விரலால்தான் காட்ட வேண்டும் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

“மச்சான், விரலை மடக்கும்,” என்றேன்.

“காட்டினா என்ன, எழும்பி ஓடிப்போகுமோ?” என்று சிரித்தீர்.

மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளடித்தது. ஐந்தாம் நாள் அழுகியது. நான் உம்முடைய விரலைச் சொன்னேன். நீர் என்னுடைய தண்ணீர் ஊற்றும் முறையைச் சொன்னீர். பிறகு நான் விரலை விட்டுவிட்டு, நீர் கைவைத்த எதுவும் விளங்காது என்று ஒரு சொல் சொன்னேன். அது பூசணிக்காய்க்குச் சொல்லவேண்டிய அளவை மிஞ்சின சொல் என்று எனக்கு அப்போதே தெரியும். அடுத்த வருடம் நீர் கனடாவுக்குப் போனபோது தோட்டப் பூட்டின் திறப்பைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டுப் போனீர். நான் அன்று வீட்டில்தான் இருந்தேன். குசினிக்குள் நின்றேன்.

உம்முடைய சமையல்கார வெள்ளைச் சட்டை ஒன்று கொட்டிலில் கிடந்தது. அதைக் காகம் விரட்ட நிற்கும் வெருளிப் பொம்மைக்குப் போட்டுவிட்டேன். கோபத்தில்தான் போட்டேன். ஆனால் காகத்துக்கு மட்டும் பயன்படும் என்று நினைத்த வெருளிக்கு மார்கிரட் மதாம் தினமும் போன்ஜூர் சொல்லத் தொடங்கிவிட்டார். மழை நனைத்தால் பிழிந்து காயப் போட்டு மறுபடி போட்டுவிடுகிறேன். சட்டை கிழிந்தால் கோசலை தைத்துத் தருகிறாள்.

இந்த ஆடியில் புதிய தலைவர் துண்டு துண்டாகப் பார்வையிட வந்தார். நான், கோசலை, மொழிபெயர்க்க கஜனி. மற்ற மிசியே, அதாவது நீர், எங்கே என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், மார்கிரட் மதாம் வேலிக்கு மேலால் வெள்ளைச் சட்டை போட்ட வெருளியைக் காட்டி, அதோ நிற்கிறார், அதிகம் பேசமாட்டார், ஆனால் ஒரு நாளும் வராமல் விட்டதில்லை என்றார். தலைவர் எதையோ குறித்துக்கொண்டார். அத்தோடு நில்லாமல், இது என்ன காய் என்று கேட்டுக் கொடியில் இருந்த பிஞ்சுக்கு நேரே சுட்டுவிரலை நீட்டினார்.

“பிள்ளை, விரலை மடக்கச் சொல்லு,” என்று கஜனியிடம் சொன்னேன். இதைத் தன்னால் மொழிபெயர்க்க முடியாது என்று அவள் பிரெஞ்சில் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. நானே எட்டி அவருடைய விரலைப் பிடித்து மடக்கிவிட்டேன். மனிதர் ஒரு அடி பின்வாங்கினார். பிறகு, இது ஏதோ எங்கள் மரியாதை முறை என்று எண்ணிக்கொண்டு, தக்காளி, தண்ணீர்க் குழாய், குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் மடக்கிய விரலாலேயே காட்டிக் கேட்டார்.

“இஞ்சாருங்கோ, இனித் துண்டு கிடைச்ச மாதிரித்தான்,” என்றாள் கோசலை.

அந்தப் பிஞ்சு போனது என்று கைகழுவிவிட்டேன். அடுத்த நாள் பூக்க இருந்த இன்னொரு பிஞ்சு பின்னால் இருந்தது. அதைச் சேலையால் இறுக்க மூடினேன். எவர் கண்ணிலும் படவில்லை, எவர் விரலும் நீளவில்லை. ஒரு கிழமையில் மூடிய பிஞ்சு மஞ்சளடித்து அழுகியது. விரல் நீட்டிக் காட்டப்பட்ட பிஞ்சு பதினெட்டுக் கிலோவுக்கு வளர்ந்து விழாவில் இரண்டாம் பரிசு எடுத்தது. முதற்பரிசு ஒரு போர்த்துக்கீசருக்கு.

அழுகியதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மார்கிரட் மதாம் வந்து சேலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். கஜனி சொன்னாள்: பூவை மூடினால் தேனீ எப்படி வரும், தேனீ வராவிட்டால் பிஞ்சு எப்படி நிற்கும் என்று கேட்கிறாவாம். 2013இலும் இதையே சொன்னாவாம். அது எனக்கு நல்ல ஞாபகம். அன்று அவர் சேலையையும் பூவையும் காட்டிக் காட்டிக் கதைத்தார். பிஞ்சு போன துக்கம் விசாரிக்கிறார் என்று நினைத்து நான் நன்றி சொல்லி மெர்சி மதாம் என்றேன்.

ஆகவே, மச்சான், உம்முடைய விரல் அல்ல. சேலை போட்டவன் நான். பதினொரு வருடம் பிழையான ஆளோடு கோபமாக இருந்திருக்கிறேன். அந்தச் சொல்லைச் சொன்னதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. உம் கைபட்ட மண்ணில்தான் இன்றைக்கும் எல்லாம் விளைகிறது. இதை அலுவலகக் கடிதத்தில் எழுதக்கூடாது, எழுதிவிட்டேன்.

இணைத்துள்ள படிவத்தில் தாமதியாமல் கையெழுத்திட்டு அனுப்பவும். மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. முழங்காலோடு பனியில் இறங்கி நடக்க வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்த எல்லாவற்றின் பெயராலும் நீர் நீடு வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தவரத்தினம் (கோட்டுக்கு முன்பக்கம்)

பி.கு: படிவம் இணைத்திருப்பதாக மேலே எழுதியிருக்கிறேன். இணைக்கவில்லை. பதினெட்டுக் கிலோவின் விதைகளைக் காயப்போட வீட்டில் வேறு கடதாசி அகப்படவில்லை, அதில் போட்டேன், ஒட்டிப் பிடித்துவிட்டது. இன்னொரு படிவம் கேட்க எனக்கு விருப்பமில்லை. பங்குனி 31க்கு முன் நீயே நேரில் வா மச்சான். சங்கத்து அலுவலகம் சனிக்கிழமை காலைதான் திறக்கும். உன் சட்டையை வெருளியிடம் இருந்து கழற்றித் தோய்த்து வைக்கிறேன். விரலை மடக்கத் தேவையில்லை.