அப்பா வைத்த ஏழாவது கதவு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அப்படி எழுதாவிட்டால் கடிதம் நகராது என்பதால் எழுதினேன். நீ போனை எடுப்பதில்லை. இதையாவது கிழிக்காமல் படி.

உன் நிகழ்ச்சியைக் கெடுத்தவன் நான்தான், கண்ணு. ஒரு கதவையும் விடாமல், எந்தக் கதவிலும் இரண்டாம் முறை நுழையாமல் வீட்டைச் சுற்ற முடியுமா என்கிற கணக்குப் புதிரை வைத்து, நம் வீட்டுக்குள் இருக்கிற ஆறு கதவுக்கும் அளவெடுத்தாற்போல் இசை அமைத்திருந்தாய். வயலின், புல்லாங்குழல், செல்லோ மூவரும் கூடத்தில் தொடங்கி, அவரவர் வழியில் அறை அறையாக வாசித்து, தான் கடந்த கதவைத் தன் கணக்கில் முடிந்ததாகச் சாத்திக்கொண்டே போய்ப் பால்கனியில் சேர வேண்டும். புரிந்ததுபோல் தலையாட்டினேன். ஒத்திகையில் என் கண்ணில் பட்டதெல்லாம் அந்தச் செல்லோக்காரர்தான். ஆள் உயர வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு, சமையலறையிலிருந்து உன் அறைக்குப் பால்கனி சுற்றிப் போய் மூச்சு வாங்கினார். காலமெல்லாம் கதவு ஜன்னல் போட்டே பிழைத்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? நீ ஊரில் இல்லாத நேரம் பார்த்து அந்த இரண்டுக்கும் நடுச்சுவரை உடைத்துக் கதவு வைத்து, உன் கண்ணில் படாமல் திரை போட்டு மறைத்தேன். "சுவர் உங்களை என்னங்க பண்ணுச்சு?" என்றாள் அம்மா. "நீ சும்மா இரு, பொண்ணு அசந்து போயிடுவா பாரு" என்றேன்.

நிகழ்ச்சிக்கு முன் செல்லோக்காரர் காதில் மட்டும் குறுக்கு வழியைச் சொல்லிவைத்தேன். மனுஷன் அதில் போனார், பால்கனியைத் தொட்டார், சமையலறைக்குத் திரும்பினார், அவ்வளவுதான். அங்கே புதுசோடு சேர்த்து மூன்று கதவும் சாத்தியாகிவிட்டது. பால்கனியில் மற்ற இருவரும் காத்திருக்க, உன் இசையைத் தன் அரங்கில் ஏற்றலாமா என்று பார்க்க வந்த பெரியவரும் காத்திருக்க, இவர் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்ப இழுக்கிறார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து "வாங்க சார்" என்றால், "அது முடிஞ்ச கதவுங்க, வரக்கூடாது" என்கிறார்! நான் வாத்தியத்தைப் பிடித்து இழுக்க, அவர் வில்லால் என் கையில் ஒன்று போட, பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நீ கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நான் கேட்டனாப்பா?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் பையைத் தூக்கினாய். அது என்னைத் தூங்கவிடவில்லை.

பெரியவரைப் போய்ப் பார்த்தேன். காலில் விழாத குறை. "சரி, இன்னொரு தரம் கேக்கறேன்" என்றிருக்கிறார். நாளைக்குக் கொத்தனார் வந்து நான் வைத்த கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்புவார். வீடு பழையபடி ஆகிவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு என்பது அம்மாவின் ஆசி. சீக்கிரம் வா என்பது என்னுடையது.

இப்படிக்கு,
கதவைத் தவிர வேறொன்றும் தெரியாத உன் அப்பா

பின்குறிப்பு: கொத்தனார் வந்து போய்விட்டார். நான் கடைக்குப் போன நேரத்தில், பழசைத்தான் எடுக்கச் சொன்னேன் என்று நினைத்து, கூடத்திலிருந்து உன் அறைக்குப் போகும் கதவைக் கழற்றிச் சுவர் வைத்துவிட்டார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, அம்மா சமையலறையில் ஆரம்பித்து ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே நடந்தாள். ஒன்றும் மிச்சமில்லை, எதிலும் இரண்டாம் முறை இல்லை, நேராகப் பால்கனியில் போய் நின்றாள்! "கூடத்துல வேணாம், அடுப்படியில இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்கிறாள். சுத்தியலையும் பூட்டி வைத்துவிட்டாள். ஒன்றே ஒன்று: பால்கனி சுற்றாமல் உன் அறைக்குப் போக, இனி நான் வைத்த கதவு ஒன்றுதான் வழி. அதை மட்டும் மன்னித்துவிடு கண்ணு.