ஆதாரபூர்வமான சொறி

ஜவ்வாது மலையில் மேல்சாமைப்பட்டு என்ற ஊரில் சென்ற மழைக்காலத்தில் எல்லோருக்கும் சொறி வந்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் போர்வை காயாது. காயாத போர்வைக்குள் ஒரு குடும்பமே படுக்கும். ஒருவருக்கு வந்தால் அத்தனை பேருக்கும் வரும். சுகாதார நிலையத்துக்குப் போனால் நர்ஸ் ஈஸ்வரி ஒரு களிம்பு கொடுப்பார். வீட்டில் உள்ள எல்லோரும் கழுத்திலிருந்து கால்வரை பூசிக்கொண்டு, துணிமணிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் போய்விடும். இப்படித்தான் பல வருஷமாகச் சொறி வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. யாரும் அதைப் பற்றிச் சிந்திக்காமல் இருந்தார்கள். இந்தக் குறையைப் போக்க அரசாங்கம் முன்வந்தது.

அந்த வருஷம் அலுவலகங்களில் 'ஆதாரம்' என்ற சொல் நாகரிகமாகியிருந்தது. அதற்கு முந்தின வருஷம் 'புதுமை', அதற்கும் முந்தி 'பங்கேற்பு'. இப்போது 'ஆதாரம் உண்டா?' என்று கேட்காதவர் அதிகாரியே இல்லை. டீயில் சர்க்கரை இல்லை என்று சொன்னால்கூட ஆதாரம் கேட்டார்கள். இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்வதற்காகவே ஊட்டியில் ஒரு விடுதியில் தங்கிப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர் டாக்டர் இளவழகன். அவர் வகித்த பதவி, மலைப்பகுதி சிகிச்சைப் பலன் ஆதார மதிப்பீட்டுச் சிறப்பு அலுவலர். பெயர்ப்பலகை கதவில் அடங்காததால் போளூர் அலுவலகத்தில் அதைச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

டாக்டர் மேல்சாமைப்பட்டுக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். களிம்பைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது கேக்கும்னு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் பூசினாங்க சார். போயிடுச்சு," என்றார் ஈஸ்வரி.

"அது அனுபவம். ஆதாரம் இல்லை."

"உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களே சார்?"

"அதெல்லாம் சமவெளி ஆளுங்க மேல. மலைவாழ் மக்களோட தோல் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்குன்னு யோசிச்சீங்களா?"

ஈஸ்வரி யோசித்ததில்லை. எனவே ஆராய்ச்சி தொடங்கியது.

ஆராய்ச்சியின் ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஊரில் பாதி வீடுகளுக்கு மஞ்சள் மூடி போட்ட களிம்பு, பாதி வீடுகளுக்கு வெள்ளை மூடி போட்டது. ஒன்று மருந்து, இன்னொன்று மருந்தே கலக்காத வெறும் களிம்பு. எது எதுவென்று ஊருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. விவரம் முத்திரையிட்ட உறையில் இருந்தது. எந்த வீட்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தார்கள். டாக்டர் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்திருந்தார். மேல்சாமைப்பட்டில் பன்றி அடித்தால் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

கூறு போடுவார்கள். பன்றியானாலும் தேனானாலும், கோயில் கிடாயானாலும் ஊருக்குள் வந்த பொருளை வீட்டுக்கு ஒரு கூறாக மந்தாரை இலையில் வைத்துப் பங்கிடுவது அங்கே வழக்கம். பங்கிடாமல் ஒளித்து வைத்த வீட்டோடு ஊரில் யாரும் நெருப்புக்கூட வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

ஜீப் மலை இறங்கியதும் நாட்டாமை தாண்டவராயன் ஊரைக் கூட்டினார்.

"ஒரு வூட்டுக்கு மஞ்சளு, ஒரு வூட்டுக்கு வெள்ளை. இது இன்னா நியாயம்? நாளைக்கு ஒருத்தன் மொகத்துல ஒருத்தன் எப்படி முழிக்கிறது? எல்லாத்தையும் குண்டான்ல பிதுக்குங்க."

பச்சையம்மா என்ற பெண் மட்டும் எழுந்தாள். அவள் இடுப்பில் தமிழரசி இருந்தாள். மூன்று வயசுக் குழந்தை. சொறிந்து சொறிந்து ரத்தம் வருகிறது என்று இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. ராத்திரியில் அந்தக் குழந்தை தூங்கி எத்தனையோ நாளாயிற்று. அது தூங்காததால் தாயும் தூங்கவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் தன் பெண் ஒரு ராத்திரி அழாமல் தூங்க வேண்டும் என்பதுதான்.

"இது கறி இல்லீங்களே. பாதி மருந்து பூசுனா பாதி தானே போவும்?" என்றாள்.

"போவட்டும். எல்லாருக்கும் பாதி போவட்டும்," என்றார் நாட்டாமை.

குண்டானில் களிம்பு கலக்கப்பட்டது. துடுப்பால் கிண்டினார்கள். இலைக்கு ஒரு கூறு விழுந்தது. எல்லோருக்கும் பாதி அரிப்பு போய், பாதி அரிப்பு தங்கியது. ஊர் நியாயம் நிலைத்தது. தமிழரசி பாதி ராத்திரி தூங்கி, மீதிப் பாதி அழுதாள்.

குறித்த நாளில் டாக்டர் வந்து ஒவ்வொரு உடம்பாகப் பார்த்தார். மஞ்சள் வீடுகளில் சொறி பாதி குறைந்திருந்தது. வெள்ளை வீடுகளிலும் பாதி குறைந்திருந்தது. உறையைப் பிரித்தார்கள். மஞ்சள் மூடிதான் மருந்து, வெள்ளை மூடி வெறும் களிம்பு. மருந்தும் மருந்தில்லாததும் ஒரே அளவு வேலை செய்கின்றன என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"சார், ரெண்டையும் கலந்துட்டாங்க சார்," என்றார் ஈஸ்வரி.

"அதுக்கு ஆதாரம் உண்டா?"

"குண்டான் இருக்குது சார். இன்னும் கழுவலை."

"ஒரே ஒரு குண்டான். ஒரு குண்டானை வெச்சு ஒரு முடிவுக்கு வரலாமா? நீங்க படிச்சவங்கதானே?"

நியாயமான கேள்வி. வெள்ளை மூடி விலை குறைவு என்பதால், இனி மலை முழுவதும் அதையே வழங்கும்படி ஆணை பிறந்தது. மஞ்சள் மூடி 'பலன் நிரூபிக்கப்படாத சிகிச்சை' என்று திரும்பப் பெறப்பட்டது. டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேல்சாமைப்பட்டிலும் அவரை மரியாதையாக நாட்டாமை வீட்டுக் கம்பளியை விரித்து உட்கார வைத்தார்கள்.

கம்பளிக்குப் பதவி தெரியாது. அடுத்த மாதம் டாக்டருக்கு விரல் இடுக்கில் ஆரம்பித்தது. பிறகு இடுப்பு. பிறகு கூட்டங்களில் எழுந்து நின்று பேச முடியாத இடங்கள். தன் அலுவலகத்திலேயே வெள்ளை மூடி அலமாரி நிறைய இருக்க, அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டு போளூர் மருந்துக்கடை ஒன்றில் பழைய மருந்தையே பெரிய டியூபாக வாங்கினார்.

அதை பேண்ட் பையில் வைத்துக்கொண்டுதான் வெள்ளை மூடியின் வெற்றிக் கதைகளைத் திரட்ட மறுபடியும் மலை ஏறினார். மேலிடம் ஒரு புகைப்படம் கேட்டிருந்தது. ஆனால் ஊரில் முகமலர்ச்சியோடு ஒருவர்கூட அகப்படவில்லை. நடுப்பகலில் பலாமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிச் சட்டையைத் தூக்கிப் பூசிக்கொண்டவர், ஆள் வரும் சத்தம் கேட்டு, டியூபை வேர் இடுக்கில் செருகிவிட்டு ஜீப்புக்கு நடந்தார். திரும்பி வந்து பார்த்தபோது டியூபைக் காணோம்.

விறகுக்கு வந்த பச்சையம்மா அவர் பூசியதையும் செருகியதையும் பார்த்துவிட்டு அதை எடுத்திருந்தாள். ஊருக்குள் வந்த பொருள், கூறு போட வேண்டியதுதான். அவள் போடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பெண்ணுக்கும் புருஷன் பூவரசனுக்கும் தனக்கும் கழுத்திலிருந்து கால்வரை பூசினாள். துணியையெல்லாம் கொதிக்க வைத்தாள். நான் அவளைத் தப்பு சொல்ல மாட்டேன். சொல்கிறவர்கள் சொறிந்து அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடியவிடிய நடந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

தமிழரசி தூங்கினாள்.

புகைப்படத்துக்காக டாக்டர் மறுபடியும் வந்தபோது, ஊரே சொறிந்துகொண்டு நிற்க, ஒரு குழந்தை மட்டும் வழவழவென்ற கையோடு பலாக்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. ஊர் சுற்றி நின்றது. நாட்டாமையும் நின்றார்.

"இந்தப் பாப்பாவுக்கு என்ன பூசுனீங்க?" என்றார் டாக்டர்.

பச்சையம்மா நாட்டாமையைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் பேண்ட் பையைப் பார்த்தாள். டாக்டர் அவள் பார்வையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் உண்மையைச் சொன்னால் அவள் வீட்டுக்கு ஊரில் நெருப்பு கிடையாது. அவர் உண்மையைச் சொன்னால் அவருக்குப் பதவி கிடையாது.

"வெள்ளை மூடி தாங்க சார்," என்றாள்.

"நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க?"

"நல்லா யோசிச்சுட்டுத் தான் சார் சொல்றேன்."

"இதுதான் ஆதாரம்," என்றார் டாக்டர், இடது கையால் இடுப்பைச் சொறிந்துகொண்டே. ஊர் கைதட்டியது. கைதட்டும் நேரத்துக்கு மட்டும் யாரும் சொறியவில்லை.

தமிழரசியின் படம் ஆளுயரத்தில் அச்சாகி ஒடுகத்தூரிலிருந்து கலசப்பாக்கம் வரை எல்லாச் சுகாதார நிலையங்களிலும் ஒட்டப்பட்டது. 'வெள்ளை மூடி: ஆதாரபூர்வமானது' என்று கீழே எழுதியிருந்தது. நானும் அதைப் பார்த்து நம்பி ஒன்று வாங்கி வந்தவன்தான். இதை எழுதுவதற்கு இவ்வளவு நேரமானதற்கு அது ஒரு காரணம். இதைப் படிக்கும் உங்களுக்கும் இதற்குள் எங்காவது ஊறியிருக்கும். ஆதாரம் கேட்க மாட்டேன்.

ஊர் முழுக்கச் சொறி இருக்கும்போது ஒரு வீட்டில் மட்டும் அது எத்தனை நாள் இல்லாமல் இருக்கும்? மாசி மாதத்தில் பச்சையம்மா பெண்ணைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தாள். குழந்தையின் கையில் மறுபடியும் துணி சுற்றியிருந்தது.

ஈஸ்வரி வெள்ளை மூடி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது கேக்காதுங்கம்மா. பழைய மருந்து குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"எங்கிட்ட ஏது? கேட்டு எழுதினா, 'அதே ஊரில் ஒரு குழந்தைக்கு வெள்ளை மூடியில் பூரண குணம்'னு மேல இருந்து பதில் வருது," என்ற ஈஸ்வரி, தன் மணிக்கட்டைச் சொறிந்தபடி சுவரைக் காட்டினார்.

தமிழரசி சுவரில் இருந்த படத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பிக் கேட்டாள்:

"அந்தப் பாப்பா மட்டும் ஏம்மா சொறியல?"