ஓடுகிற பொயிலருக்கே மானியம்

ஜேர்மனியின் ஹனோவரில் யோசேப்பு வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்து வீட்டைச் சூடாக்கிய காஸ் பொயிலர், இருபத்தெட்டு ஆண்டுகள் மாசற்ற சேவையாற்றிய பின், நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் நின்றுபோனது. யோசேப்பு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை. மனைவி அன்ரனிற்றா முதியோர் இல்லத்தில். பொயிலரைப் பற்றி இருவருக்கும் தெரிந்தது இவ்வளவுதான்: அது கீழே இருக்கும், மேலே சுடும்.

கொம்பனிக்காரர் ஒருவர் வந்தார். மூடியைத் திறக்கவில்லை. பக்கத்துத் தகட்டில் ஆண்டை வாசித்தார், தொப்பியைக் கழற்றினார், “முடிந்தது” என்றார். இனி மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பிதான், அரசாங்கம் மானியமும் தரும் என்று வண்ணப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

யோசேப்புக்கு உள்ளூரச் சந்தோசம். முன்பு பெரிய ரீவி வைத்திருந்தவருக்குக் கிடைத்த மரியாதை அந்த ஆண்டு எங்கள் தமிழ் ஆட்களிடையே வெப்பப் பம்பி வைத்திருப்பவருக்குக் கிடைத்தது. பூசை முடிந்து வெளியே நிற்பவர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தார்கள்.

மானியத்துக்குப் பதினான்கு பக்கத்தில் அன்ராக் என்கிற விண்ணப்பம் நிரப்பினார். முப்பத்தோராவது கேள்வி: ‘தற்போதுள்ள பொயிலர் இயங்குகிறதா?’ யோசேப்பு நேர்மையானவர். ‘இல்லை’ என்று எழுதினார்.

ஒன்பதாம் நாள் நிராகரிப்பு வந்தது. கந்தோருக்குப் போன் எடுத்தார். கிராம்பெர்க் அம்மையார் என்ற அதிகாரி பேசினார்.

“ஓடாத பொயிலருக்கு மானியம் இல்லை, மதிப்புக்குரிய யோசேப்பு அவர்களே.”

“ஓடாதபடியாத்தானே மாத்தக் கேக்கிறன்.”

“ஓடுகிற பொயிலரை நிறுத்தினால் புகை குறையும். உங்களுடையது ஏற்கெனவே நின்றுவிட்டது. இனி அதிலிருந்து குறைப்பதற்குப் புகை ஏதும் இல்லையே.”

யோசேப்பு யோசித்துப் பார்த்தார். அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

“அப்ப நான் என்ன செய்யிறது?”

“திருத்துங்கள். நன்றாக ஓடுகிறதென்று சான்றிதழ் எடுங்கள். பிறகு கழற்றி எறியலாம்.”

அதற்குள் அன்ரனிற்றா இரண்டு ஜக்கெற்றோடு சமைக்கத் தொடங்கியிருந்தார். யோசேப்பு கீர்த்தனனைக் கூப்பிட்டார். வீடு சூடாக்கும் வேலையையே படித்து, பன்னிரண்டு வருடமாக அதையே செய்பவர். அவர் மூடியைத் திறக்கமுதல் அழுத்தமானியைப் பார்த்தார். முள் பூச்சியத்தில் கிடந்தது.

“அண்ணை, இதுக்குக் கடைசியா எப்ப தண்ணி விட்டனீங்கள்?”

“தண்ணியோ? இது காஸ் பொயிலரெல்லோ.”

“எரியிறது காஸ். சுடுறது தண்ணி. அந்தத் தண்ணிதான் அறையறையா இருக்கிற எல்லா ரேடியேற்றருக்கும் ஓடித் திரும்பி வாறது. அது குறைஞ்சால் இது எரியாது, தன்பாட்டில நிண்டிடும்.”

பொயிலரில் குழாயைப் பொருத்தி ஐந்து நிமிடம் தண்ணீர் விட்டார். பொயிலர் எரிந்தது. பிறகு ரேடியேற்றர்களில் அடைத்திருந்த காற்றைத் திறந்துவிட்டு, கிட்ட இருந்தவற்றின் வால்வைக் கொஞ்சம் இறுக்கி, தூர இருந்தவற்றுக்கும் பங்கு போகச் செய்தார். எந்தக் குளிர்காலத்திலும் சுடாத பின்னறை அன்றைக்குச் சுட்டது. அன்ரனிற்றா ஜக்கெற்றுகளைக் கழற்றிவிட்டு, ரேடியேற்றரில் கையை வைத்தபடி கனநேரம் நின்றார்.

“இன்னும் பத்து வருசம் ஓடும், அண்ணை,” என்றார் கீர்த்தனன்.

“அதை எழுதித் தருவீரோ? கழட்டுறதுக்குத் தேவை.”

கீர்த்தனன் அவரை ஒருமுறை பார்த்தார். எழுதிக் கொடுத்தார்.

சான்றிதழ் கிடைத்ததும் கிராம்பெர்க் அம்மையார் கவலைப்பட்டார். “உங்கள் பொயிலர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. இறந்தது உயிர்த்தெழுந்தால் எந்தப் படிவம் என்று மேலிடத்தில் கேட்கவேண்டும்.”

யோசேப்பு கத்தோலிக்கர். அதற்கு முன்னுதாரணம் உண்டு என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார்.

நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கிழமை இருக்க அனுமதி வந்தது. ஆண்டு முடிவதற்குள் பழைய பொயிலரை அகற்றி உடைக்கவேண்டும்.

“வீடு நல்லாச் சுடுது. அது கிடக்கட்டுமனப்பா,” என்றார் அன்ரனிற்றா.

“வந்த அனுமதியை வேண்டாமெண்டு சொல்லுறதுக்கு வேற அன்ராக் போடவேணும். அது இருபத்திரண்டு பக்கம்.”

கழற்ற ஏலாதென்று கீர்த்தனன் சொல்லிவிட்டார். பழைய கொம்பனிக்காரரே வந்தார். பொயிலர் கொதித்துக்கொண்டிருந்தது. அது ஆறும்வரை அரைமணித்தியாலம் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது: வெப்பப் பம்பி கேட்போர் கூடிவிட்டதால் ஏப்ரலில்தான் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான்கு குடும்பங்கள் அனுமதிக் கடிதத்தைப் பார்க்க வந்தன. ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை. பேசும்போது வாயிலிருந்து புகை போனது. வந்தவர்களில் ஒருவரான டக்ளஸ் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“எங்கட பொயிலர் ஒரு குறையுமில்லாமல் ஓடுது, யோசேப்பு அண்ணை. எங்களுக்கும் கிடைக்குமோ?”

“அதுதான் முதல் தகுதி,” என்றார் யோசேப்பு, கையைத் தேய்த்துக்கொண்டு.

நான்கு குடும்பமும் படிவத்தின் இலக்கத்தை எழுதிக்கொண்டன. வாசலில் அன்ரனிற்றா, டக்ளஸின் மனைவி ஜசிந்தாவின் கையைப் பிடித்தார்.

“ஜசிந்தா, உங்கட மேலறை சும்மாதானே கிடக்கு. ஏப்ரல் வரைக்கும் நாங்கள் ரெண்டுபேரும் வந்து இருக்கட்டோ?”

“அதுக்கென்ன அக்கா, வாங்கோ,” என்றார் ஜசிந்தா. “ஆனா பெப்ரவரி வரைக்கும்தான். பிறகு நாங்களும் பொயிலரைக் கழட்டிப்போடுவம்.”