என் ஈயின் படத்துக்கு நானே அனுமதி கேட்ட கதை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அண்ணியின் முழங்கால் மட்டும் தனியாக நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, நலம் விசாரிப்பதை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். இனி வருவதெல்லாம் வயிற்றெரிச்சல். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படி.

குளியலறை ஈயைப் பற்றி நான் புத்தகம் எழுதுவது உனக்குத் தெரியும். ஈரச் சுவரில், சாம்பல் நிறத்தில், பஞ்சு ஒட்டிய மாதிரி உட்கார்ந்திருக்குமே, அந்த ஈதான். முப்பத்தொரு வருஷம் அதையே பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். சாக்கடை அடைப்பு எடுப்பவர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு புத்தகம் எழுதிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் ஓய்வுக்குப் பிறகு எனக்கு மிச்சமிருந்த ஆசை. எழுதியும் விட்டேன். இருபத்தைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒரே ஒரு படத்துக்கு அனுமதிக் கடிதம் வராவிட்டால் பன்னிரண்டாம் பக்கம் வெறும் வெள்ளைதான். அதுதான் இறக்கையின் நரம்புப் படம். அது இல்லாமல் இந்த ஈ எது, வேறு ஈ எது என்று எவனுக்கும் தெரியப்போவதில்லை. புத்தகமே வீண்.

அது யார் படம்? என் படம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆய்வுப் பத்திரிகையில், என் கட்டுரையில், என் பெயருக்குக் கீழே வந்த படம். இதைச் சொன்னதும் பதிப்பகத்து அம்மா, "படம் உங்களோடதுதான் சார், உரிமை உங்களோடது இல்ல. பத்திரிகைக்கு எழுதிக் குடுத்துட்டீங்க" என்றார். "நான் எப்பம்மா குடுத்தேன்?" என்றேன். "கையெழுத்துப் போட்டிருப்பீங்க சார். எல்லாரும் படிக்காம போடுறதுதான்." யோசித்துப் பார்த்தால், ஆமாம், போட்டிருக்கிறேன். தபால்காரர் கிளம்பும் அவசரத்தில் ஆய்வுக்கூட வராந்தாவில் அவர் முதுகிலேயே தாளை வைத்துப் போட்டேன். ஒரு சைக்கிளை விற்றால்கூட நாலு பேரைக் கேட்கிறோம். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்களே என்ற சந்தோஷத்தில் நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

போகட்டும், கேட்டு வாங்கிவிடலாம் என்று தேடினால், அந்தப் பத்திரிகையை ஒரு கம்பெனி வாங்கி, அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியிருக்கிறது. என் ஈ இரண்டு தடவை கைமாறியிருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களுடைய இணையதளத்தில் ஒரு படிவம் இருந்தது. நீங்கள் யார்? மாணவரா, மருந்துக் கம்பெனியா, விளம்பர நிறுவனமா? 'இதை எழுதித் தொலைத்தவன்' என்று ஒரு கட்டம் இல்லை. கடைசியில் 'மற்றவர்' என்பதில் டிக் அடித்தேன். என் கட்டுரைக்கு நான் மற்றவர். எத்தனை பிரதி, எந்த மொழி, படம் முழுப் பக்கமா அரைப் பக்கமா என்று என் உயிரை எடுத்துவிட்டு, 'கட்டுரையாளரின் சம்மதம் கேட்கப்பட்டுள்ளது, பதினைந்து வேலை நாள் காத்திருக்கவும்' என்று பதில் வந்தது. நானும் மடையன் மாதிரி காத்திருந்தேன். பதினோராவது நாள் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது, அந்தக் கட்டுரையாளர் நான்தான் என்று. அவர்கள் என்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் நான் ஓய்வு பெற்ற அன்றே பூட்டிவிட்ட பழைய ஆபீஸ் மின்னஞ்சலில்.

இரண்டு பஸ் மாறிப் பழைய ஆபீசுக்குப் போனேன். கணினிப் பிரிவுக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை. "உள்ள ஒரே ஒரு லெட்டர் கிடக்குது, அதை மட்டும் திறந்து காட்டுங்க" என்றேன். "அந்த மின்னஞ்சலுக்குச் சொந்தக்காரர் சம்மதிக்கணுமே சார்." "நான்தாங்க சொந்தக்காரன்." "அப்ப நல்லதாப் போச்சு. அந்த மின்னஞ்சல்லேருந்தே எங்களுக்கு ஒரு வரி அனுப்பிடுங்க, திறந்துடுறோம்." நான் போட்ட சத்தத்தில் துறைத்தலைவர் எழுந்து வந்து, அவர் பொறுப்பில் திறக்கச் சொன்னார். கருத்தரங்க அழைப்புக் குப்பைக்கு நடுவில் அந்தக் கடிதம் கிடந்தது. 'மதிப்பிற்குரிய ஐயா, மற்றவர் ஒருவர் உங்கள் படத்தைப் பயன்படுத்தக் கேட்கிறார். தங்களுக்கு ஆட்சேபனை உண்டா?' இல்லை என்று எழுதினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதி அலைக்கழிக்கலாமா என்று நினைக்கிற அளவுக்கு எனக்குக் கோபம்.

இதற்குள் பதிப்பகத்து அம்மா என் புத்தகத்தை ஒரு மென்பொருளுக்குள் விட்டுப் பார்த்திருக்கிறார், யாரிடமாவது காப்பியடித்திருக்கிறேனா என்று. "நாலாவது அத்தியாயத்துல பாதிக்கு மேல ஒருத்தர்கிட்டேருந்து எடுத்திருக்கீங்க சார்." "யார்கிட்டேருந்தும்மா?" "உங்ககிட்டேருந்துதான். கொஞ்சம் வார்த்தைய மாத்தி எழுதிக் குடுத்துடுங்க." ஈக்கு ஆறு கால் என்பதை வேறு எப்படி மாற்றி எழுதுவது? கால்களில் ஒன்றைப் பிய்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

யார் தயவும் வேண்டாம், புதிதாகவே வரைந்துவிடுவோம் என்று ஒரு நாள் காலையில் கண்ணாடி டம்ளரோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெளியே உன் அண்ணி துண்டோடு நின்று, "முப்பது வருஷம் சம்பளத்துக்குப் பாத்தீங்க, சரி. இப்ப ஓசியிலயுமா பாக்கணும்? நான் குளிக்கணும், வாங்க வெளிய" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு ஈயைப் பிடித்து, மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். அண்ணி தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம வீடு எங்க இருக்கு?" என்று கேட்டாள். வழிகாட்டும் வரைபடம் என்று நினைத்துவிட்டாள். பதிப்பகத்து அம்மா அதைவிடப் பிரமாதம். "பழைய படம் மாதிரியே இருந்தா இதுக்கும் அனுமதி வேணும் சார்." "மாதிரி இல்லாம வரைஞ்சா?" "அப்ப படம் தப்பாயிடுமே சார்."

நீயே சொல்லம்மா. என் ஈ, என் படம், என் உழைப்பு. அதை எவனோ எடுத்து வைத்துக்கொண்டு என்னையே வாசலில் நிற்க வைக்கிறான். பாடுபட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்வதற்கு என்ன பெயர்? நான் அதைத் திருட்டு என்றுதான் சொல்வேன். எல்லாப் பத்திரிகைக்கும் எழுதப்போகிறேன். சும்மா விடுவதாக இல்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பெரியவளுக்கும் சின்னவனுக்கும் நல்ல படிப்பும் நல்ல பசியும் ஆழ்ந்த தூக்கமும் வாய்க்கட்டும். எதில் கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுப் போட வேண்டும் என்று மாமா சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும்
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. இந்தத் தடவை ஒரு மனுஷி எழுதியிருக்கிறார். எழுதியவர் தன் படத்தைத் தன் புத்தகத்தில் போட அனுமதியே தேவையில்லையாம். நான் அன்று கையெழுத்துப் போட்ட தாளில், மூன்றாவது பத்தியில், அது தெளிவாக இருக்கிறதாம். தாளின் நகலையும் அனுப்பியிருந்தார். முதல் தடவையாகப் படித்தேன். மூன்றாவது பத்தி அவர் சொன்னபடியே இருக்கிறது. முதல் பத்தியில், 'இதிலுள்ள படங்கள் எல்லாம் நானே வரைந்தவை, வேறு யாருக்கும் பங்கில்லை' என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து.

அந்த இறக்கையை வரைந்தது நீ. பெரியவள் வயிற்றில் இருந்தபோது ஓய்வெடுக்க வந்தவளை, சாப்பாட்டு மேசையில் நுண்ணோக்கிக்கு முன்னால் ஆறு வாரம் உட்கார வைத்தேன். எனக்கு அப்போதும் கோடு நேராக வராது. மேலே 'என் படம், என் படம்' என்று குதித்திருப்பதைப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், உன் அண்ணனின் லட்சணம் உன்னிடமே இருக்கட்டும். அவர்கள் என்னிடம் ஒரு படிவமாவது நீட்டினார்கள். நான் உன்னிடம் வாயைத் திறந்துகூடக் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாக நீயும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கேட்கிறேன். போட்டுக்கொள்ளலாமா? வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் வெள்ளையாகவே போகட்டும், எனக்கு வருத்தமில்லை. சரி என்றால், படத்துக்குக் கீழே உன் பெயருக்கு முன்னால் நம் அப்பாவின் முதலெழுத்தைப் போடவா, மாப்பிள்ளையின் முதலெழுத்தைப் போடவா என்று எழுது. இதை மட்டும் நானாக முடிவு செய்ய மாட்டேன்.