பச்சை பூத்த காசுகள்

இனி இந்த வீட்டில் ஒரு காசுகூடக் கெடக்கூடாது என்று கிருபாகரன் சபதம் எடுத்தபோது, நாற்பத்தொரு காசு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது.

அத்தனையும் பெனடிக்டின் காசுகள். முப்பது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தியவர். பழங்காசுப் பைத்தியத்தைக் கிருபாகரனுக்கு ஒட்டவைத்தவர். போன தை மாசம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், "பத்திரமா வச்சுக்க மாப்ள" என்று கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

கிருபாகரன் பத்திரமாகத்தான் வைத்தார், புதுசாக வாங்கிய பிளாஸ்டிக் உறை ஆல்பத்தில். ஐப்பசி மழையில் திருநகர் வீடே ஊறிக் கிடந்தது. திறந்து பார்த்தால் ஓட்டைக் காலணா மேலெல்லாம் பச்சைப் பிசுக்கு. அந்த உறையே காசைத் தின்றுவிடும் ரகமாம். பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து மனுஷன் அறையை விட்டு வரவில்லை. காசை எடுப்பார், பார்ப்பார், பெருமூச்சு விடுவார், வைப்பார். தட்டில் சோறு ஆறிப்போகும். சோழவந்தானில் மகள் ஜெஸிக்குப் பெண் குழந்தை பிறந்து ரெண்டு மாசம். இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

வீட்டில் ஈரம் எட்டாத இடம் ஒன்றே ஒன்று, மனைவி பாக்கியமேரியின் சேலை பீரோ. சண்டைக்குத் தயாராகப் போய் நின்றார்.

"மேரி, ஒன் பீரோவுல மேல்தட்டு..."

"வச்சுக்கங்க."

தயாரித்து வந்த பன்னிரண்டு வாதமும் வீணாய்ப் போயின.

"காசுக்கு வேற என்னங்க ஆகாது?" என்றாள்.

பெனடிக்ட் போனபிறகு யாரும் அவரிடம் காசைப் பற்றிக் கேட்டதில்லை. கொட்டித் தீர்த்துவிட்டார்.

"கை படக்கூடாது. வேர்வை பட்டா கறுத்துரும்."

"சரி."

"அடிக்கடி திறக்கக்கூடாது. ஈரக்காத்து உள்ள போயிரும்."

"எம்புட்டு நாளைக்கு ஒருக்காத் திறக்கலாம்?"

"வருஷத்துக்கு ஒரு தடவை. அதுக்கு மேல திறக்கிறவன் காசுக்கு எதிரி!"

இருவருமாகப் பிசுக்கைப் போக்கி, ஒவ்வொன்றையும் காகித உறையில் இட்டு, மருந்து டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மேல்தட்டில் அடுக்கினார்கள். பாக்கியமேரி பூட்டினாள்.

மறுநாள் விடிந்ததும், "மேரி, பீரோ சாவி?"

"எதுக்கு?"

"சும்மா, ஒரு தடவை பாத்துக்கிறேன்."

"அடுத்த வருஷம் பாப்போம்."

"என் காசுடி அது!"

"பெனடிக்ட் அண்ணே காசுங்க. பத்திரமா வைக்கச் சொல்லித்தான குடுத்தாரு? திறக்கிறவன் எதிரின்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் பீரோக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"ஜெஸிகிட்ட வாரோம்னு சொல்லிட்டேன். ஒம்போது மணி பஸ்ஸு. போய்க் குளிங்க."

துண்டை எடுத்துக்கொண்டு நடந்தவர் பாதியில் நின்றார். குரல் இறங்கிவிட்டது. "திறக்கல. சாவிய மட்டுமாச்சும் எங்கிட்டக் குடேன்."

"வேணாங்க," என்றாள் பாக்கியமேரி. "உங்க கை வேர்க்கிற கை. சாவி கறுத்துரும்."